காணிக்கைப் பணத்தை எடுத்தவரை மன்னிப்பது என்றால் என்னென்ன செய்ய வேண்டும்?

கேள்வியைச் சுருக்கி ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். உங்களுடையது தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த ஒரு கிராமச் சபை. முன்னாள் பொருளாளர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஆலயக் கட்டட நிதியிலிருந்து இரண்டு வருஷத்தில் 1,40,000 ரூபாய் எடுத்திருக்கிறார். தணிக்கையில் பிடிபட்டதும் ஒத்துக்கொண்டார், பொறுப்பை விட்டு விலகினார், 60,000 ரூபாயைத் திருப்பிக் கட்டினார். அதிலிருந்து 14 மாதமாக அவருக்குத் திருவிருந்து, அதாவது அப்பமும் ரசமும் பகிரும் நற்கருணைப் பந்தி, இல்லை. இப்போது "நான் பந்திக்கு வரலாமா?" என்று கேட்கிறார். கமிட்டியில் பாதிப் பேர், "நியாயந்தீர்க்க நாம் யார்? மிச்சப் பணத்தையும் விட்டுவிடுவோம்" என்கிறார்கள். மீதிப் பேர், "கடைசி ரூபாய் வரும்வரை பேச்சே கிடையாது" என்கிறார்கள். கமிட்டிக்குப் புதிதாக வந்த நீங்கள், இரக்கமா நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களை உறுத்துவது வேறு என்று நினைக்கிறேன். மன்னித்தால் கணக்கையும் மூடிவிட வேண்டுமா? கணக்கை மூடாவிட்டால் மன்னிக்கவில்லை என்று ஆகிவிடுமா?

இரண்டு தரப்பும் மூன்று விஷயங்களை ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டார்கள். திருவிருந்து ஒன்று, பணம் ஒன்று, பொறுப்பு ஒன்று. திருவிருந்துக்கு அவரைச் சீக்கிரமே அழைக்கலாம். பணம் முழுவதும் திரும்பி வர வேண்டும், அவரால் தாங்க முடிந்த தவணையில். பணத்தைத் தொடும் பொறுப்பு அவருக்கு மறுபடி வேண்டாம். இந்த 14 மாதத்தில் உங்கள் சபை செய்த பெரிய பிழை கண்டிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அந்த விலக்கம் எப்போது, எதைச் செய்தால் முடியும் என்று அவரிடம் யாருமே சொல்லவில்லை. நம் சபைகளில் ஒழுங்கு நடவடிக்கை கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஆரம்பித்து வைக்கத் தீர்மானம் போடுவார்கள், முடித்து வைக்க ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

வேதத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் எடுத்துக்கொள்வோம். "மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்" என்ற வசனம் மத்தேயு 7-ஆம் அதிகாரத்தின் முதல் வசனம். ஐந்தாம் வசனம் வரை வாசித்தால், முதலில் உன் கண்ணிலிருக்கிற உத்திரத்தை எடு, பின்பு சகோதரன் கண்ணிலுள்ள துரும்பை எடுக்கும்படி பார்ப்பாய் என்றுதான் முடிகிறது. துரும்பு துரும்பாகவே இருக்கட்டும் என்று அங்கே சொல்லவில்லை. இதை உங்கள் கமிட்டிக்கு வைத்துப் பாருங்கள். வங்கிக் கணக்குக்கு இரண்டு கையெழுத்து தேவை என்று விதி இருந்திருக்கும். அப்படியானால் இரண்டாவது கையெழுத்துப் போட்டவர் யார்? "அடிக்கடி அலைய வேண்டாம்" என்று வெற்றுக் காசோலைகளில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுப் புத்தகத்தையே பொருளாளர் கையில் கொடுத்துவைப்பது பல சபைகளில் நடக்கிறது. மாதக் கணக்கை வாசிக்கச் சொல்லி ஒருவரும் கேட்காமல் இருந்திருப்பார்கள். அந்த உத்திரத்தைப் பற்றி ஒரு வரியாவது தீர்மானப் புத்தகத்தில் ஏறாமல் அவரைப் பற்றி மட்டும் எழுதினால், வசனத்தின் முதல் பாதி உங்கள் மேல்தான் விழும்.

மத்தேயு 18 இன்னும் நேரடியானது. அந்த அதிகாரத்தில் 15 முதல் 17 வரை, தப்புச் செய்த சகோதரனிடம் தனியே போ, கேட்காவிட்டால் ஒருவரையோ இருவரையோ கூட்டிக்கொண்டு போ, அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல் என்ற ஒழுங்கு இருக்கிறது. 21-க்கு மேல் ஏழெழுபதுதரம் மன்னிப்பதும், கடன்பட்ட ஊழியக்காரனின் உவமையும். கண்டிப்புக்காரர்கள் முதல் பகுதியை வாசிக்கிறார்கள், விட்டுவிடுவோம் என்பவர்கள் இரண்டாவதை வாசிக்கிறார்கள். இரண்டும் அடுத்தடுத்து நிற்பது தற்செயல் இல்லை. முதல் பகுதியிலும் நோக்கம் என்னவென்று 15-ஆம் வசனமே சொல்கிறது: "உன் சகோதரனை ஆதாயப்படுத்திக்கொண்டாய்." கேளாதவன் ஆயக்காரனை (வரி வசூலிப்பவனை)ப் போல இருப்பானாக என்று வருகிறதே என்பார்கள். அந்தச் சுவிசேஷத்துக்குப் பெயர் தந்த மத்தேயுவே ஆயக்காரன். ஆயக்காரரோடு பந்தியிருந்ததற்காகக் குறை கேட்ட இடத்தில்தான் இயேசு, பலியையல்ல இரக்கத்தையே விரும்புகிறேன் என்ற ஓசியாவின் வார்த்தையை எடுத்துச் சொல்கிறார் (மத்தேயு 9:13).

உவமையிலிருந்து "விட்டுவிடுவோம்" தரப்பு எடுக்கும் வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. அதில் ராஜா தன் ஊழியக்காரனின் 10,000 தாலந்து கடனைத் தள்ளிவிடுகிறார், அவனோ தனக்கு 100 பணம் தர வேண்டிய உடன் ஊழியக்காரனை விட மறுக்கிறான். அந்தக் காலத்து வெள்ளிக்காசான ஒரு பணம் ஒருநாள் கூலி. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 பணம். 10,000 தாலந்து என்றால் 6 கோடி நாள் கூலி. அவனுடைய உடன் ஊழியக்காரன் பட்டிருந்த கடன் 100 நாள் கூலி. ராஜா அவ்வளவு பெரிய தொகையைத் தள்ளிவிட்டார், உண்மைதான். அது ராஜாவின் சொந்தப் பணம். உங்கள் கட்டட நிதி கமிட்டியாரின் சொந்தப் பணம் இல்லை. பீடி சுற்றிய கூலியில் மாதம் 50 ரூபாய் எடுத்து வைத்தவர்களின் பணமும் அதில் இருக்கும். உங்களுக்குச் செய்த நம்பிக்கைத் துரோகத்தை நீங்கள் மன்னிக்கலாம், மன்னிக்கவும் வேண்டும். அவர்களுடைய காசைத் தள்ளுபடி செய்து நல்லபேர் வாங்க கமிட்டிக்கு உரிமை இல்லை. எண்ணாகமம் 5:7 முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. ஆயக்காரனான சகேயு நாலத்தனையாய் (நாலு மடங்காய்)த் தருகிறேன் என்றான், அதை அவனாகவே சொன்னான். ஐந்தில் ஒரு பங்கைக் கேட்டு வாங்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அது இஸ்ரவேலுக்குக் கொடுத்த சட்டம், நம் சபைக்கு அப்படியே பொருந்துமா என்பதில் வேத அறிஞர்களிடமே ஒருமித்த கருத்து இல்லை. முதல் முழுவதும் திரும்ப வேண்டும் என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை.

இரக்கத்தைப் பற்றி அதிகம் எடுத்தாளப்படும் யாக்கோபு 2:13, "நியாயத்தீர்ப்புக்குமுன்பாக இரக்கம் மேன்மைபாராட்டும்" என்கிறது. அது எந்தப் பேச்சுக்கு நடுவில் வருகிறது என்று பாருங்கள். பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடமும் கந்தை உடுத்தினவனுக்குக் காலடியும் கொடுக்கிற பட்சபாதத்தைக் கண்டிக்கும் பேச்சு அது. எனவே கமிட்டியில் ஒரு கேள்வி போடுங்கள்: இதே பணத்தை எடுத்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியராக இல்லாமல் கோயில் மணியடிக்கிறவராக இருந்திருந்தால், "விட்டுவிடுவோம்" என்று சொல்லியிருப்பீர்களா? திருப்பியும் கேளுங்கள்: அவர் உங்கள் சொந்தக்காரராக, உங்கள் தெருக்காரராக இருந்திருந்தால் 14 மாதம் வெளியே நிறுத்தியிருப்பீர்களா? பதிலில் தயக்கம் வந்தால் அங்கே நடப்பது இரக்கமும் இல்லை, நியாயமும் இல்லை.

இனி அவ்வளவு உறுதி இல்லாதவை. 1 கொரிந்தியர் 5-இல் சபையை விட்டு விலக்கச் சொன்ன மனுஷனைத்தான் 2 கொரிந்தியர் 2-இல் மன்னித்து ஆறுதல் செய்யச் சொல்கிறார் பவுல் என்று நெடுங்காலமாகப் பிரசங்கிக்கிறார்கள். இருவரும் வேறு வேறு ஆள் என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் வாதாடினார், இன்றைய அறிஞர்கள் பலரும் அப்படியே நினைக்கிறார்கள். ஆள் யாராக இருந்தாலும், "இந்தத் தண்டனையே போதும்" என்று ஓர் அளவு வைத்தது நிச்சயம். அதற்குச் சொன்ன காரணமும் கவனிக்கத்தக்கது: அவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகக் கூடாது. யோவான் 8-இல் வரும் விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் சம்பவத்தை வைத்து முழு வாதத்தையும் கட்ட வேண்டாம். சினாய், வத்திக்கான் சுவடிகள் போன்ற மிகப் பழைய கிரேக்கப் பிரதிகளில் அந்தப் பகுதி இல்லை. சில பிரதிகளில் அது லூக்கா 21-க்குப் பின் இருக்கிறது. சம்பவம் உண்மையாக நடந்தது என்று நம்புகிறவர்கள் பலர், நானும் அப்படியே. ஆனாலும் அதை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுகிறவர், "இனிப் பாவஞ்செய்யாதே" என்ற கடைசி வரியையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

ஒழுங்குக்கு முடிவு வைப்பது சபைக்குப் புதிதில்லை. கி.பி. 325-இல் கூடிய நிக்கேயா சங்கம் (அந்நாளைய பேராயர்களின் மாநாடு), பெரிய நெருக்கடி இல்லாமலேயே விசுவாசத்தை மறுதலித்தவர்களுக்கு 12 வருஷம் விதித்தது. அது நமக்கு மலைப்பாக இருக்கும். ஆனால் அந்த 12 வருஷமும் மூன்று, ஏழு, இரண்டு என்று படிப்படியாகப் பிரிக்கப்பட்டு, எந்தப் படியில் என்ன என்று எழுதப்பட்டிருந்தது. அடுத்த விதியில், மனந்திரும்புதலைப் பார்த்துக் காலத்தைக் குறைக்கப் பேராயருக்கு இடம் கொடுத்தார்கள். அதற்கடுத்ததில், சாகக் கிடக்கிறவனுக்கு எந்த நிலையிலும் நற்கருணையை மறுக்கக் கூடாது என்றார்கள். உங்களுக்கு இன்னும் பக்கத்தில் உள்ளது ஆங்கிலிக்கன் மரபின் 1662-ஆம் வருஷ ஜெபப் புத்தகம். 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகும்வரை நம் பக்கத்து ஆங்கிலிக்கன் சபைகள் அந்த மரபில்தான் இருந்தன. ஊரறியத் தப்பு நடந்தவரைப் பந்திக்கு வர வேண்டாம் என்று சொல்ல அது குருவானவருக்கு அதிகாரம் கொடுக்கிறது. எதுவரை? மனந்திரும்பியதை வெளிப்படையாகச் சொல்லி, நஷ்டப்பட்டவர்களுக்கு ஈடு செய்யும்வரை. இப்போது ஈடுசெய்ய முடியாவிட்டால், முடிந்த சீக்கிரத்தில் செய்வேன் என்ற முழு உறுதியைத் தெரிவித்தாலே போதும். அப்படி விலக்கிவைத்த குருவானவர் 14 நாளுக்குள் மேலதிகாரிக்குக் கணக்குச் சொல்லியாக வேண்டும். உங்கள் சபையில் 14 மாதம் ஆகியிருக்கிறது. அதே இடத்தில் இன்னொன்றும் உண்டு. இருவருக்குள் பகை இருந்து, ஒருவர் மனதார மன்னித்து ஒப்புரவாகத் தயாராக இருக்க மற்றவர் பிடிவாதம் பிடித்தால், தயாராக இருப்பவரைச் சேர்த்துக்கொண்டு பிடிவாதக்காரரை நிறுத்திவைக்க வேண்டும். கமிட்டியின் கண்டிப்புக்காரர்களுக்கு இதை வாசித்துக் காட்டலாம்.

செய்முறைக்கு வருகிறேன். முதலில் தொகையை உறுதி செய்யுங்கள். ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டை, வங்கிப் பாஸ்புத்தகம், செலவு வவுச்சர் மூன்றையும் ஒட்டிப் பார்த்து, 1,40,000 என்பது தணிக்கையாளர் கையெழுத்தோடு ஒரு தாளில் இருக்க வேண்டும். தாளில் இல்லாத தொகை வாய்க்கு வாய் வளரும், இதற்குள் ஊரில் நாலு லட்சம் ஆகியிருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். அவர் எடுக்காத பணத்துக்கும் சேர்த்து அவரைத் திருடனாக்குவது பொய்ச்சாட்சி.

அடுத்து, குருவானவரும் கமிட்டியில் ஒருவருமாக இரண்டு பேர் மட்டும் அவர் வீட்டுக்குப் போங்கள். அந்த ஒருவர், தேர்தலில் அவரோடு மோதியவராகவோ அவர் பங்காளியாகவோ இருக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு போனால் தெருவே வேடிக்கை பார்க்கும், கிழமை நாளில் போங்கள். கேட்க வேண்டியது மூன்றுதான்: இந்தத் தாளில் உள்ள தொகை முழுவதுமா, விட்டுப்போனது ஏதும் உண்டா? பணம் எதற்குப் போனது? மிச்சம் 80,000-ஐ மாதம் எவ்வளவாகக் கட்ட முடியும்? இரண்டாவது கேள்வி வம்பு இல்லை. கந்துவட்டிக்குக் கட்டப் போயிருந்தால், இன்னும் அந்தக் கடன் உயிரோடு இருந்தால், நீங்கள் போடும் தவணை மூன்றாம் மாதமே நின்றுவிடும். 2003-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு அதீத வட்டித் தடைச் சட்டத்தின்படி புகார் கொடுக்க வழி இருக்கிறது, அதற்குத் துணை போவதும் இரக்கத்தில் சேர்த்திதான். "தேவனுடைய பணத்தில் கை வைக்க எப்படி மனசு வந்தது?" என்ற கேள்வியை மட்டும் கேட்காதீர்கள். அதற்குப் பதில் கிடையாது, கேட்டவர் மனசு ஆறுவதற்கே அது உதவும்.

மாதம் 4,000 ரூபாய் என்றால் 20 மாதம். ஓய்வூதியக்காரருக்கு இது தாங்கும் அளவாக இருக்கலாம், அதை அவர் வாயால் சொல்ல வேண்டும். தேதி, தொகை, தவணை எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம் போதும் என்பது என் அபிப்பிராயம். புரோநோட்டு வாங்குவதானால் அதன்மேல் வழக்குப் போட மூன்று வருஷக் கெடு உண்டு என்பதை மறக்க வேண்டாம். ஒவ்வொரு தவணைக்கும் எண்ணிட்ட ரசீது கொடுங்கள். போலீசுக்குப் போக மாட்டோம் என்று கமிட்டி தனியாக வாக்குக் கொடுக்க வேண்டாம். இது நம்பிக்கை மோசடி, பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய தண்டனைச் சட்டம்) 316-ஆம் பிரிவில் வருகிற குற்றம். சபை நிதியில் திருமண்டலத்துக்கும் (பேராயரின் நிர்வாகத்துக்கும்) பொறுப்பு இருக்கும், அங்கே கேட்டுவிட்டுப் பேசுங்கள். கிறிஸ்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் வழக்குக்குப் போகக் கூடாது என்று 1 கொரிந்தியர் 6 சொல்கிறதே என்றால், அது பொதுப்பணத்துக்கும் பொருந்துமா என்பதில் நல்ல மனுஷர்களே இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். ஒத்துக்கொண்டு கட்டிக்கொண்டிருப்பவர் விஷயத்தில் வழக்கு தேவையில்லை என்பது என் எண்ணம், அதற்கு மேல் அடித்துச் சொல்ல மாட்டேன்.

மனந்திரும்புதலை எப்படி அளப்பது? இருதயத்தைப் பார்க்க நமக்குக் கண் இல்லை, கண்ணீரை வைத்து முடிவு செய்யாதீர்கள். நல்லபடி அழத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள், நன்றாகவே அழத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். பார்க்கக்கூடியவை சில உண்டு. கேட்காததையும் அவராகச் சொல்கிறாரா, பழியை மனைவி மேலோ முன்னாள் செயலாளர் மேலோ தள்ளுகிறாரா, பணப் பொறுப்பு இனி இல்லை என்பதை முணுமுணுக்காமல் ஏற்கிறாரா, தவணையைத் தேதியில் கட்டுகிறாரா, "மன்னிக்காவிட்டால் உங்களுக்கும் மன்னிப்பு இல்லை" என்று வசனத்தைத் தூக்கி எறிகிறாரா. உங்கள் பொருளாளர் ஏற்கெனவே 60,000 கட்டியவர். கடிதத்தில் கையெழுத்துப் போட்டு முதல் இரண்டு தவணை கட்டியதும், அடுத்த திருவிருந்து ஞாயிறுக்கு அவரை அழைக்கலாம் என்று நினைக்கிறேன். விலக்கத்தை நீக்கும் அதிகாரம் குருவானவருக்கா பேராயருக்கா என்பதைத் திருமண்டல விதிகளில் பார்த்து, முடிவை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சபைக்கு அறிவிக்கும்போது அளவு தவறிவிடுகிறது. அவரை முன்னே நிறுத்தி அழவைக்க வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். விஷயம் எத்தனை பேருக்குத் தெரியுமோ அத்தனை பேருக்கு அறிவிப்பும் போக வேண்டும். இப்படி வாசிக்கலாம்: "கட்டட நிதியில் ஏற்பட்ட 1,40,000 ரூபாய்க் குறைவை முன்னாள் பொருளாளர் ஒப்புக்கொண்டு, 60,000 ரூபாயைச் செலுத்தி, மீதியைத் தவணையில் செலுத்த எழுதிக் கொடுத்திருக்கிறார். கணக்கைக் கவனிக்கத் தவறியதற்குக் கமிட்டியும் சபையாரிடம் மன்னிப்புக் கேட்கிறது. இன்ன தேதி முதல் அவர் திருவிருந்தில் பங்குபெறுவார்." இதற்கு மேல் ஒரு வார்த்தையும் வேண்டாம், அதன்மேல் பிரசங்கமும் வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் "அண்ணாச்சிக்காக ஜெபியுங்கள்" என்று ஆரம்பித்து முழுக் கதையையும் அவிழ்க்கிறவரைக் குழு நிர்வாகி அன்றைக்கே தனியாகக் கூப்பிட்டு நிறுத்த வேண்டும். அவர் மனைவி பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. சங்கத்திலிருந்து இரண்டு அம்மாமார் போய், அடுத்த கூட்டத்தில் வழக்கமாக அவர் செய்யும் வேலையையே அவரிடம் கேட்டுவிட்டு வரட்டும்.

பணப் பொறுப்பைத் திரும்பக் கொடுக்காதது தண்டனை நீளுகிறது என்று அவருக்குத் தோன்றலாம், அவரிடமே விளக்கிவிடுங்கள். தடுக்கி விழுந்த இடத்தில் மறுபடி நிறுத்திவைப்பது அன்பு இல்லை. பாடகர் குழு, ஓய்வுநாள் பள்ளி, கல்லறைத் தோட்டப் பராமரிப்பு என்று காசு புழங்காத வேலை சபையில் நிறைய உண்டு. கூடவே அடுத்த பொருளாளருக்கும் வேலி போடுங்கள்: காணிக்கையை உறவில்லாத இரண்டு பேர் ஆலயத்திலேயே எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும், திங்கட்கிழமை வங்கியில் கட்ட வேண்டும், வெற்றுக் காசோலையில் கையெழுத்து கூடாது, மாதக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். இதில் எதுவுமே செலவு பிடிக்காத காரியம்.

ஓர் எல்லையையும் சொல்லியாக வேண்டும். இந்த வழிமுறை பணத்துக்கும் வாக்குத் தவறுதலுக்கும் பொருந்தும். குழந்தையிடம் பாலியல் அத்துமீறல் என்றால் பொருந்தாது. அங்கே கமிட்டி விசாரணையோ சமரசமோ கூடவே கூடாது. 2012-ஆம் வருஷத்துப் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி தெரிந்த எவரும் போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும், தெரிவிக்காமல் மறைப்பதே 21-ஆம் பிரிவில் தண்டனைக்குரியது. குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடலாம். வீட்டில் அடிபடும் பெண்ணிடம் "மன்னித்துவிட்டுத் திரும்பிப் போ" என்று இதே வசனங்களைச் சொல்வதும் அநியாயம், அவருக்கு முதலில் தேவை பத்திரமான இடமும் 181 என்ற பெண்கள் உதவி எண்ணும்.

உங்கள் விஷயத்தில் மீதமிருக்கும் ஒரே ஆபத்து, முதல் சந்திப்பில் அவர் சொன்ன தொகைக்கு மேல் பின்னால் வேறு கணக்கு வெளிவருவது. அப்படி வந்தால் தவணைக் கடிதத்தை நிறுத்தி, புதுத் தொகையோடு முதலிலிருந்து மறுபடி பேசுங்கள், திருவிருந்துத் தேதியையும் தள்ளி வையுங்கள், புதிய தேதியையும் அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.